தோளில் இருந்த நான்கு புள்ளிகள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
03.03.2025

அன்புள்ள தம்பி பிரசாந்தனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீ சுகமாய் இருக்க பத்திரகாளி அம்மன் துணை. கடைசியாக உன்னைக் கண்டது போன வருசம், அப்பாவின் பாடை வீட்டு வாசலால் வெளிக்கிட்டபோது. ரோட்டில் நின்று தோள் கொடுத்தாய், வீட்டுக்குள் வரவில்லை. சுடலையில் கொள்ளி வைத்த கையோடு கொழும்பு பஸ் ஏறினாய் என்று கடையில் மெசின் ஓட்டுகிற இன்ஷாப் வந்து சொன்னான். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. நானும் எழுதவில்லைதான்.

இப்போது எழுதுவது கடை விசயமாக. ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டுப் புத்தகம் எங்கள் யோகா அச்சகத்தில்தான் அடிபடும். படம், வரலாறு, தேவாரம், கடைசியில் மக்கள் மருமக்கள் பேரர் பெயர் வரிசை. ஆனால் அச்சக முதலாளி யோகராசாவுக்கே அது இல்லாமல் போனது. அந்தக் கிழமைதான் கடைக் கொம்பியூட்டர் செத்துப்போனது. மீன் வாங்கப் போகிற இடத்திலும் கேட்கிறார்கள், "என்ன பிள்ளை, கொப்பருக்குக் கல்வெட்டு அடிக்கேல்லையோ?" என்று. யூலை 5 ஆட்டைத்திவசம், அப்பா போய் ஒரு வருசம். அன்றைக்காவது புத்தகம் சனத்தின் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எனக்கு இந்த வீதியில் தலைகாட்ட ஏலாது.

புதுக் கொம்பியூட்டர் வாங்கினேன். பக்கம் கட்டுகிற மென்பொருளின் பழைய வேர்ஷன் அதில் ஏறாது என்றார்கள், புதியதைப் போட்டேன். எழுத்து நல்லாய் விழுகிறது. படங்கள்தான் நாசம். திரையில் பார்த்தால் தெளிவு, தாளில் பார்த்தால் கட்டம் கட்டமாய், விளிம்பெல்லாம் படிக்கட்டு. இன்ஷாப்பைப் பேசினேன். "மெசின்ல ஒண்டும் இல்லக்கா, வாற பிளேட்டே இப்பிடித்தான்" என்று அச்சுத் தகட்டைக் காட்டுகிறான். நீ கொழும்பில் பெரிய அச்சகத்தில் இதே வேலைதானே பார்க்கிறாய். என்ன செய்யவேண்டும் என்று எழுது.

போனில் படம் எடுத்து அனுப்பினால் கோளாறு தெரியாது, அதனால் தாளையே வைத்திருக்கிறேன். போன் எடுக்காதே. வாய் திறந்தால் வேறு கதை வரும். பன்னிரண்டாம் பக்கப் பெயர் வரிசையும் இதற்குள் இருக்கிறது. மக்கள் என்ற இடத்தில் உன் பெயர் போட்டிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லு.

இப்படிக்கு,
அக்கா தங்கேஸ்வரி


மாபோலை, வத்தளை.
11.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? படுக்கப் போகமுதல் எண்ணெய் பூசுகிறீர்களா, அல்லது வழமைபோல மறந்துவிடுகிறீர்களா?

தாளைப் பார்த்தேன். மெசினில் பிழை இல்லை, இன்ஷாப்பைப் பேசாதீர்கள். பழைய வேர்ஷன் எப்படியோ, புதியது படத்தைத் தனக்குள் வைத்திருக்காது. படம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கும். கொம்பியூட்டர் மாறியதும் அந்த இடமும் மாறியிருக்கும். படத்தைக் கண்டுபிடிக்க ஏலாவிட்டால், திரையில் காட்டுவதற்கென்று வைத்திருக்கிற சின்னப் பிரதியைத்தான் அது அச்சுக்கு அனுப்பும். லிங்க்ஸ் என்றொரு பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தால் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புக் கேள்விக்குறி நிற்கும். ஒவ்வொன்றாய் அழுத்தி, படம் இருக்கிற இடத்தைக் காட்டிவிடுங்கள். பிறகு பிரிண்ட் பெட்டியில் படங்களை முழுதாய் அனுப்பு என்று இருக்கும், அதைத் தெரிவு செய்யுங்கள். சரிவரும்.

பன்னிரண்டாம் பக்கத்தில் பிழை இல்லை. விடுபட்டது இருக்கிறது. ஏழு வருசமாக எனக்கு லோஜனா என்று ஒரு மனைவி இருக்கிறாள். அவள் கொண்டுவந்த பிள்ளை சாருகா எனக்கும் பிள்ளைதான். படம் சரிவரட்டும். அதைப் பிறகு கதைப்போம்.

தம்பி
பிரசாந்தன்


திருகோணமலை.
19.03.2025

தம்பிக்கு,

நான் சுகம். எண்ணெய் பூசுகிறேன். நீ சுகமாய் இரு.

நீ சொன்னபடி செய்தேன். பதினொரு கேள்விக்குறி நின்றது, பத்துப் படம் சரிவந்துவிட்டது. கோயில் நோட்டீஸ், கலியாணக் கார்ட் எல்லாம் பளிச்சென்று விழுகிறது. இன்ஷாப் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிகிறான். அப்பாவின் படம் மட்டும் வரவில்லை. மரண அறிவித்தலுக்கென்று நீ போன வருசம் அனுப்பினாயே, அந்தப் படம்தான். அதைத் தேடி எடுத்துக் காட்டினேன், கேள்விக்குறியும் போனது. முகம் மட்டும் கட்டம் கட்டமாய்த்தான் விழுகிறது. ஏன்?

இருப்புக் கொள்ளவில்லை. ஒருக்கால் அடித்துப் பார்க்கிறேன், எழும்பி நடக்கிறேன், திரும்ப அடிக்கிறேன். பழுதான தாளை வழமையில் வாசலில் போட்டால் வீதியில் திரிகிற மான்கள் வந்து தின்றுவிடும். அப்பாவின் முகத்தை மானுக்குப் போட மனமில்லை, அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். இருபத்தேழு தாள் ஆகிவிட்டது.

இந்தப் படம் எங்கே எடுத்தது? இப்படிச் சிரித்து நான் அவரைக் கண்டதில்லை. தோளில் நாலு மண்ணிறப் புள்ளி கிடக்கிறது, கறை போல.

வரலாற்றுப் பக்கம் நானே எழுதுகிறேன். அவரின் மறதியைப் பற்றி ஒரு பந்தி வைத்திருக்கிறேன். திரியாய்க் கோயில் நோட்டீசின் புரூவ் தாள் காட்டப் போகிறேன் என்று பட்டுச் சால்வையும் போட்டுக்கொண்டு காலையில் பஸ் ஏறினாரே, பின்னேரம் வரும்வரை அந்தப் புரூவ் மேசையிலேயே கிடந்தது. நீ வீட்டை விட்டுப் போன வருசம். வாசிக்கிற சனம் சிரிக்கட்டும்.

பன்னிரண்டாம் பக்கத்தைப் பற்றி என்னோடு கதைக்காதே. "அவளைக் கட்டினா இந்தப் படி ஏறவேண்டாம்" என்று அப்பா சொன்னார், நான்தான் உனக்கு வந்து சொன்னேன். அவரின் புத்தகத்திலேயே அவரின் சொல்லை மீற எனக்கு ஏலாது.

அக்கா


வத்தளை.
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். சாருகாவுக்கு அம்மை போட்டு இப்போது மாறிவிட்டது. நீங்கள் வெயிலுக்குள் திரியாதீர்கள்.

அப்பாவின் படம் ஏன் சரிவரவில்லை என்று கேட்டீர்கள். லிங்க்ஸ் பெட்டியில் அந்தப் படத்தை அழுத்தினால் கீழே ஒரு எண் காட்டும். அறுபது என்று இருக்கும். அச்சுக்கு ஒரு அங்குலத்தில் முந்நூறு புள்ளி வேண்டும். நான் அனுப்பியது ஒரு பெரிய படத்திலிருந்து வெட்டிச் சிறிதாக்கிய துண்டு. சுவரில் ஒட்டுகிற அறிவித்தலில் இரண்டு அங்குலத்துக்கு அது தாங்கியது. முழுப் பக்கத்துக்கு இழுத்தால் தாங்காது. இது வேர்ஷனின் பிழை இல்லை. இல்லாத புள்ளியை எந்த வேர்ஷனும் தராது.

பெரிய படம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.

அப்பாவின் சொல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அதில் உங்களோடு வாதாட வரவில்லை.

தம்பி


திருகோணமலை.
07.04.2025

தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

அறுபதுதான் காட்டுகிறது. அப்படியானால் அந்தப் பெரிய படத்தை அனுப்பேன், இதற்கு என்ன தேடல்? உன் குணம் எனக்குத் தெரியாதா. சின்ன வயதில் ஒரு பேனை முனையைக்கூட எறியாமல் டப்பாவில் போட்டு வைக்கிறவன் நீ.

நான் சும்மா இருக்கவில்லை. படத்தைப் பெருப்பித்து, தோளில் இருந்த அந்த நாலு புள்ளியையும் துடைத்துவிட்டேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. திரையில் பக்கத்துச் சால்வைத் துணியைப் பிரதி எடுத்து மேலே மேலே ஒற்றினேன். இப்போது தோள் துப்புரவு. முகம்தான் இன்னும் அப்படியே. துடைத்த தாளை வைத்திருக்கிறேன், பார்.

சித்திரை வருசக் கலண்டர், நோட்டீஸ் என்று கடை நிரம்பிக் கிடக்கிறது. கையில் வேலை, மனம் இந்த ஒரு முகத்தில். விரைவாய் அனுப்பு.

அக்கா


வத்தளை.
29.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வருசம் நல்லபடி போயிருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். பதில் பிந்திவிட்டது.

எங்கள் அச்சகத்தில் சின்னப் படத்தைப் பெரிதாக்குகிற புது மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது. இல்லாத புள்ளியை அது தானே ஊகித்துப் போடும். நீங்கள் அனுப்பிய துண்டை அதில் கொடுத்து அடித்த தாளை வைத்திருக்கிறேன். கட்டம் ஒன்றும் இல்லை. முந்நூறுக்கு மேலேயே வரும். இதையே போடலாம்.

தோளைத் துடைத்திருந்ததைப் பார்த்தேன். அது கறை இல்லை அக்கா. இருக்கட்டும்.

தம்பி


திருகோணமலை.
05.05.2025

தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுதப் பொய் வரவில்லை. கோபத்தில் இருக்கிறேன்.

நீ அனுப்பியது யார்? இன்ஷாப்பிடம் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மொதலாளிட தம்பியாக்கா?" என்று கேட்டான். பதினாறு வருசம் அவரோடு வேலை செய்தவன் கேட்கிறான். இடது புருவத்தில் அப்பாவுக்கு ஒரு தழும்பு, பேப்பர் வெட்டுகிற மெசினின் கைபிடி பட்டது. நீயும் நானும்தானே சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தத் தழும்பு எங்கே? அந்த மென்பொருளுக்கு அது அழுக்காய்த் தெரிந்ததாக்கும். கன்னத்தையும் இஸ்திரிக்கை போட்டதுபோல ஆக்கி வைத்திருக்கிறது.

எனக்கு அழகான மனுசன் வேண்டாம். என் அப்பா வேண்டும். முழுப் படத்தை அனுப்பு. உன்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

புள்ளி கறை இல்லை என்றால் என்ன அது?

அக்கா


திருகோணமலை.
28.05.2025

தம்பி,

மூன்று கிழமையாய்ப் பதில் இல்லை. சுகமில்லையோ என்று பயமாய் இருக்கிறது. ஒரு வரி எழுது.

இன்னும் முப்பத்தெட்டு நாள். தபால்காரனின் மணி கேட்டால் வெளியே ஓடுகிறேன், அவன் மின்சார பில்லை நீட்டுகிறான். மற்றப் பக்கமெல்லாம் முடிந்தது, மூன்றாம் பக்கம் வெள்ளையாய்க் கிடக்கிறது. அப்பாவின் அடையாள அட்டைப் படத்தையும் ஸ்கான் பண்ணிப் பார்த்தேன், அது பொலிஸில் நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது.

அந்தப் படத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா? அதனால்தான் அனுப்பாமல் இருக்கிறாயா? யார் நின்றாலும் நான் வெட்டிக்கொள்கிறேன். அனுப்பு.

அக்கா


வத்தளை.
04.06.2025
(பதிவுத் தபால்)

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சுகமாய் இருங்கள்.

இதற்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. மின்னஞ்சலில் போட்டால் கடையில் எல்லோர் முன்னாலும் திறப்பீர்கள். இதை ஆட்கள் போன பிறகு தனியாய்ப் பாருங்கள்.

முழுப் படம் முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்தது. தேடிப் பார்க்கிறேன் என்று எழுதியது பொய். அறிவித்தலுக்கென்று வெட்டியவன் நான்தான். எவ்வளவு ஒட்ட வெட்டியும் தோளில் நாலு விரல் மிஞ்சிவிட்டது. நீங்கள் துடைத்தது சாருகாவின் விரல்கள். அப்போது அவளுக்கு இரண்டு வயது. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

2018 ஆவணி, திரியாயில் லோஜனாவின் தாய் வீட்டில் எடுத்தது. எங்கள் கலியாண எழுத்துக்கு அப்பா வந்திருந்தார். சாட்சிக் கையெழுத்தும் அவர்தான் வைத்தார். "கொக்காவுக்குச் சொல்லாதை, அவள் தாங்கமாட்டாள்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் இருக்கும்வரை சொல்லவில்லை. செத்த பிறகும் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் கடிதங்கள் வர வர எனக்கு நித்திரை இல்லை. லோஜனாதான், "அக்கா கேக்கிறது அவவின்ர தகப்பனை, குடுங்கோ" என்றாள்.

வெட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படம் உங்கள் கையில். முந்நூறுக்குக் குறையாது, எப்படி வெட்டினாலும் தெளிவாய்த்தான் விழும்.

தம்பி
பிரசாந்தன்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.06.2025

அன்புள்ள தம்பிக்கும் லோஜனாவுக்கும் சாருகாவுக்கும்,

நீங்கள் மூன்று பேரும் சுகமாய் இருக்கவேண்டும். பிள்ளைக்கு அம்மை வந்தபோது நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தழும்பு விழவில்லையே?

இன்ஷாப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். பார்த்ததும் எழும்பிக் குசினிக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்ப வந்தேன். இப்படி நாலைந்து தரம். புருவத்துத் தழும்பு இருக்கிறது. பட்டுச் சால்வை இருக்கிறது. மேசையில் புரூவை விட்டுவிட்டுப் போன அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன அதே சால்வை. பின்னேரம் வந்தவரை, "வயசு போனா மூளையும் போகுமோ?" என்று ஆட்களுக்கு முன்னால் பேசினேன். ஓம் பிள்ளை, மறந்துபோனன் என்று சிரித்துவிட்டு முகம் கழுவப் போனார். அந்தப் பந்தியை வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் ஒன்றையும் மறக்கவில்லை.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறேன். படி ஏறவேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. அது என் சொல். அவர் வாயில் வைத்து உனக்குக் கொண்டுவந்து தந்தேன். எனக்குப் பேசிய சம்பந்தம் அந்த மாதம்தான் குழம்பியது, பிள்ளையோடு இருக்கிற பெண்ணை நீ கட்டப்போகிற கதை அவர்களின் காதுக்குப் போனதால்தான் என்று நினைத்தேன். நீயும் போனால் கடையில் நான் தனி என்ற பயமும் இருந்தது. அப்பா பெயரில் சொன்னால் நீ நின்றுவிடுவாய் என்று நினைத்தேன். நீ பெட்டியைத் தூக்கினாய். பிறகு எனக்கு அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கத் தெரியவில்லை. பங்குனியில் உனக்கு எழுதிய கடிதத்திலும் அதே பொய்யை எழுதினேன். வெட்கமாய் இருக்கிறது.

படத்தை நான் வெட்டவில்லை. மூன்றாம் பக்கம் முழுவதும் அதுதான். நீ, கூறைச் சேலையோடு லோஜனா, நடுவில் அப்பா, அவர் கழுத்தில் பிள்ளை. முதல் தாள் மெசினால் வந்ததும் இன்ஷாப் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "மொதலாளி அப்பிடியே இரிக்கார். இது ஆரக்கா புள்ள?" என்று கேட்டான். எங்கட பிள்ளை என்றேன்.

அந்தத் தாளும் பன்னிரண்டாம் பக்கமும் இதற்குள் இருக்கிறது. மருமகள் லோஜனா, பேத்தி சாருகா. பெயர் சரியா என்று பார்த்து எழுது, உன் பதில் கிடைத்த பிறகுதான் மிச்சத் தாள் ஓடும். நான் துடைத்த தாள்களை அடுப்பில் போட்டுவிட்டேன்.

திவசத்துக்கு முதல்நாளே மூன்று பேரும் வாருங்கள். வருவாயா என்று கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா
தங்கேஸ்வரி


மாபோலை, வத்தளை.
19.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். பிள்ளைக்குத் தழும்பு இல்லை. மூன்றாம் பக்கத்தைச் சாருகா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள், மூலை கொஞ்சம் மடிந்துவிட்டது. பெயர்கள் சரி. ஓட்டுங்கள். நீலம் ஒரு பொட்டுக் கூட, இன்ஷாப்பிடம் குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியது எனக்கு முன்னமே தெரியும். திரியாயில் சாப்பிடும்போது அப்பாவிடம் நேரே கேட்டேன், "படி ஏறவேண்டாம் எண்டு சொன்னீங்களாம், பிறகேன் வந்தனீங்கள்?" என்று. அவர் வாய்க்குக் கொண்டுபோன சோற்றை இலையில் திரும்ப வைத்தார். பிறகு, "நான் சொன்னதாவே இருக்கட்டும். கொக்காவிட்டை இதைக் கேக்காதை" என்றார். அதனால் கேட்கவில்லை. ஆனால் ஏழு வருசமும் எனக்குக் கோபம் இருந்தது அக்கா. பாடை எடுத்த அன்றைக்கும் ரோட்டில் நின்று, நீங்கள் ஒருக்கால் வா என்று சொல்லுவீர்கள் என்று பார்த்தேன். நீங்களும் வாசலில் நின்று என்னைப் பார்த்தீர்கள்.

யூலை நாலாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறோம். மத்தியானம் அளவில் வாசலுக்கு வந்துவிடுவோம். வந்து ரோட்டில்தான் நிற்பேன். நீங்கள் இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டால்தான் அந்தப் படி ஏறுவேன், இப்போதே சொல்லிவிட்டேன். முழங்கால் நோ என்று சாட்டுச் சொல்ல ஏலாது.

தம்பி
பிரசாந்தன்